காயாத பெயர்

வெள்ளைக்கரட்டில் எல்லாம் காயும். கொடியில் போட்ட துணி கால்மணி நேரத்தில் காயும், அழுத கண் அதற்கும் முன்னால் காயும், குவாரியிலிருந்து ராப்பகலாய் இறங்குகிற வெள்ளைத் தூசி மழை விட்ட மறுநாளே தெருவையும் கூரையையும் வேப்பமரத்தையும் எங்கள் தலைமுடியையும் ஒரே நிறமாக்கிவிடும். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்து இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரே வயசா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படி எல்லாம் காய்கிற ஊரில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் வருசம் சித்திரையில் எழுதிய ஒரே ஒரு வரி மட்டும் இன்னும் காயவில்லை.

அந்த வரி கரட்டுச் சரிவில் இருக்கிற மாதா கோயிலின் கல்யாணப் பதிவேட்டில் பன்னிரண்டாவது வரி. வேல்ஸ் என்கிற தேசத்திலிருந்து பாறைக்கு வெடி வைக்கக் கற்றுக்கொண்டு வந்த ஈவான் பிரிச்சர்ட், குவாரி மேஸ்திரி, வயது இருபத்தொன்பது, என்று பாதிரியார் இங்கிலீஷில் எழுதி, கல் சுமக்க வந்த மணப்பெண்ணின் பேரைப் பக்கத்தில் தமிழில் எழுதி, இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு ஊதிப் பார்த்தார், காயவில்லை. மை ஒற்றும் தாள் வைத்தார், தாள் நனைந்தது, வரி அப்படியே இருந்தது. வெயிலில் வைத்தார், நாலு வருசம் கழித்து அவருக்குப் பின் வந்தவர் கணப்பில் காட்டினார், அவருக்கும் பின் வந்தவர் ஜெபம் பண்ணிப் பார்த்தார். அதன் பிறகு வந்தவர் புத்திசாலி, வேறொரு புதுப் பதிவேடு வாங்கிக்கொண்டார். மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும் என்பதால் பழைய புத்தகம் அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது. கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற ஈசாக்கு அண்ணன் அதன்மேல் தூசி விழாமல் இருக்க, சோற்றுப் பானையை ஈயிடமிருந்து காப்பாற்றுவோமே, அந்தப் பிளாஸ்டிக் வலைமூடியைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

முதலில் எந்தப் பெண் தொட்டாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவளாக இருந்தாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள் கரட்டுக்கு ஏறிப்போய், காயாத வரியில் மணப்பெண்ணின் பேரை மட்டும் மோதிர விரலால் தொட்டு, இடது காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டுதான் இறங்குவாள். தொடும்போது அந்தப் பேரைச் சொல்லி, கூட இரு தாயி என்று ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டால், அத்தனை தூரம் கப்பலேறிப் போனவளுக்கே இன்னும் காயலையே, பஸ்ஸேறி ஆத்தூர் போறவளுக்கா காஞ்சிரும் என்பார்கள். சேலத்திலிருந்து வருகிற மேக்கப் பெண்கள் தங்கள் விலைப்பட்டியலில் மெகந்திக்குக் கீழே காதுப் பொட்டு, இலவசம், என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்றார். எடுத்துக்குங்க சார், மூடாம எடுத்துட்டுப் போகணும், அவ்வளவுதான் என்றார் ஈசாக்கு அண்ணன். அதிகாரி திறந்த புத்தகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார், பஸ்ஸில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார், திரும்பி வந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

நெஸ்டா பிரிச்சர்ட் ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தொரு வயது, முப்பது வருசம் ஸ்கூல் பஸ் ஓட்டிய கை, கறுப்புச் சூட்கேஸ். டீக்கடையைத் தாண்டுவதற்குள் அது வெள்ளைச் சூட்கேஸ் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து மெட்டில்டா டீச்சரைக் கூப்பிட்டு வந்தோம். டீச்சர் பேசிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "ஈவான் பிரிச்சர்டோட கொள்ளுப்பேத்தியாம். கல்யாணப் பதிவைத் தேடி வந்திருக்காங்க. இங்கிலீஷ் நம்ம மாதிரியே ஸ்கூல்ல படிச்சதுதானாம், வீட்டுல வேற பாஷையாம்."

"அப்ப நல்லாப் பேசுவாங்க, நமக்குப் புரியும்" என்றார் டீக்கடைக்காரர்.

நெஸ்டா அம்மாவின் ஊரில் ஒரு கல்லறை இருக்கிறது. நாம் சிலேட்டுப் பலகை என்று சொல்கிற அந்தக் கறுப்புக் கல்லில், ஈவான் பிரிச்சர்டும் அவர் மனைவி, என்று வெட்டி, அதற்கப்புறம் ஒரு முழம் இடம் வெறுமனே விட்டிருக்கிறது. ஈவானோடு கப்பலேறிப் போன எங்கள் பெண்ணுக்குக் கப்பல் பட்டியலில் மனைவி என்று பேர், அங்கே ஜனத்தொகைக் கணக்கெடுத்தவர்கள் வாயில் நுழையவில்லை என்று மேரி என்று எழுதிக்கொண்டார்கள், கோயிலிலும் மேரி என்றே கூப்பிட்டார்கள். ஈவான் ஒவ்வொரு தடவையும், அது அவள் பேரில்லை என்று மட்டும் சொல்வாராம். அவள் முதலில் போய்விட்டாள். மேரி என்று வெட்ட விடாமல், சரியான பேரை நானே வெட்டுகிறேன் என்று இடம் விட்டுவைத்த கிழவருக்கு அந்த மாதமே வாய் கோணிப் பேச்சும் கையும் நின்றுபோயின. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா என்கிற பேர்தான். மூன்று தலைமுறை அந்த வெற்றிடத்தில் பாசி சுரண்டியிருக்கிறது. நெஸ்டா அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை, அவர்தான் கடைசி. சென்னையில் இருந்த, பிற்பாடு எடுத்த நகலைத் தேடி எடுத்தால் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைக்கறைதான் இருந்தது. அசலையாவது பார்த்துவிடலாம் என்று, டாக்டர் இந்த இருதயத்துக்கு ஒரே ஒரு விமானப் பயணம்தான், போய்த் திரும்பினால் அவ்வளவுதான் என்று சொல்லியும், அதை இங்கே செலவு பண்ண வந்துவிட்டார்.

ஈசாக்கு அண்ணன் வலைமூடியைத் தூக்கினார். ஈவானின் பேர் நேற்று எழுதியது போலப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில், மணப்பெண் பேர் இருக்க வேண்டிய இடத்தில், மாவடு அளவில் ஒரு கறுப்புக் குளம்.

தொட்ட மை மறுநாள் காலைக்குள் ஊறிவிடும், அதில் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு விரலும் எழுத்தை மயிரிழை நகர்த்திவிட்டுப் போகும். நூற்றிருபத்தெட்டு வருசத்து விரல்கள்.

"எத்தனை பேர் தொட்டாங்கன்னு கேக்கறாங்க" என்றார் டீச்சர்.

"ஊர்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம்னு சொல்லு. அவங்கம்மா. அவங்கம்மாவோட அம்மா." ஈசாக்கு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நெஸ்டா அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். "எங்க ஊர்ல அவங்களை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடலை. இங்க கூப்பிட்டுக் கூப்பிட்டே அழிச்சிருக்கீங்க. ரெண்டுல எது பரவாயில்லைன்னு யோசிக்கறேன், அப்படீங்கறாங்க."

பேர் எங்களுக்குத் தெரியுமே என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். தொடும்போது சொல்கிறோம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூடி, சொல்லுங்கள் என்றபோதுதான் தெரிந்தது. மேட்டுத்தெருவில் அவள் சௌந்தரவல்லி. குவாரி லைனில் ராஜாத்தி. கோயிலை ஒட்டிய வீடுகளில் மரிய புஷ்பம். பள்ளிவாசல் சந்தில் ஆயிஷா. நாலு வீட்டில் செங்கமலம், ஒரு வீட்டில் ரூபாவதி, இன்னொரு வீட்டில் சும்மா ராணி. ஒவ்வொரு வீட்டிலும் தன் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தவள், தன் மனசில் அவளுக்கு எந்தப் பேர் பொருந்தும் என்று பட்டதோ அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மெட்டில்டா டீச்சரின் வருகைப் பதிவேட்டில் இருபத்துமூன்று பெண்பிள்ளைகள், எல்லாரும் அந்த ஒரே பெண்ணின் பேரை வைத்துக்கொண்டவர்கள், இருபத்துமூன்றும் வேறு வேறு பேர். எங்கள் பேர்தான் சரி என்று மேட்டுத்தெரு சொல்ல, கல் சுமக்க வந்தவளுக்கு எவன் சௌந்தரவல்லின்னு வெச்சான் என்று குவாரி லைன் கேட்க, அவள் எங்கள் ஜனம், இல்லை எங்கள் ஜனம் என்று வார்த்தை தடித்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபோது கிளம்பின தூசியில் யார் எந்தத் தெரு என்று தெரியாமல் போய்ச் சண்டை தானாக நின்றது.

அப்போதுதான் ஈசாக்கு அண்ணன் நாலு வருசமாக வயிற்றில் வைத்திருந்ததைச் சொன்னார். கொரோனா வந்து கல்யாணங்கள் நின்ற அந்த ஒரு மாதம் ஒரு விரலும் குளத்தைத் தொடவில்லை. இருபதாவது நாள் மூடியைத் தூக்கியபோது குளத்தின் ஓரம் கிழிந்து, மை பூச்சி ஊர்கிற மாதிரி பழைய இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சுழி தெரிந்தது. அடுத்த வாரமே தடையை எடுத்துவிட்டார்கள், தேங்கிக் கிடந்த கல்யாணம் எல்லாம் ஒன்றாக வந்தது, பதினோரு பெண்கள் ஒரே நாளில் தொட்டார்கள்.

"இத ஏனுங்கண்ணே அப்பவே சொல்லலை?"

"சொன்னா தொடாதீங்கன்னு சொன்ன மாதிரி ஆயிருமேன்னுதான். எம் பொண்டாட்டியும் தொட்டவதான். நான் யாருங்க வேண்டாங்கறதுக்கு?"

கணக்குப் போட்டோம். முழுசாகத் திரும்ப ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வேண்டியிருக்கும். நல்லவேளை, ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் இந்து வீடுகளில் கல்யாணம் கிடையாது. எல்லா ஆடியிலும் மாதா கோயில்காரர்களும் பள்ளிவாசல் சந்துக்காரர்களும்தான் தொடுவார்கள். அந்த வருசம் பள்ளிவாசல் சந்தில் ஒரே ஒரு நிக்காஹ், ஆடி பத்தாம் தேதி. பெண்ணின் அத்தா எழுந்து, "எங்களுக்கு மருதாணி இருக்குதுங்க. அந்தம்மா பேரு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாதா கோயில்காரர்களில் ஆடியில் கல்யாணம் வைத்திருந்த இரண்டு வீட்டாரும் தலையாட்டினார்கள். மிச்சம் ஆவணியில் பதினாறு நாள். அதில் ஒரே ஒரு முகூர்த்தம் இடித்தது, ஆவணி ஒன்பது, குவாரி லைன் பெருமாயியின் மகள் கோகிலா.

பெருமாயி அக்கா எழுந்தாள். "மூணு தடவை நிச்சயம் முறிஞ்ச பொண்ணுங்க. மூணு தடவை தட்டை வாங்கித் திருப்பிக் குடுத்திருக்கேன். பொட்டு வெக்காம இந்தப் பொண்ண அனுப்ப மாட்டேன்." நெஸ்டா அம்மாவை நேராகப் பார்த்து, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதெல்லாம் பொருட்டில்லாமல் கேட்டாள்: "செத்து நூறு வருசமானவளுக்குப் பேரு வேணும், சரி. உசிரோட இருக்கறவளுக்கு மாலை வேண்டாமா, சொல்லு தாயி."

டீச்சர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது நெஸ்டா அம்மா எழுந்துவிட்டார். அவர்கள் சொல்வது நியாயம், நான் கிளம்புகிறேன் என்றார். சூட்கேஸின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தியும்விட்டார்.

கோகிலா கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரிக்கிற பெண், விரித்ததை வாடிக்கையாளர் வாங்காமல் போனாலும் முகம் சுளிக்காமல் மடித்து வைக்கப் பழகியவள். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவன் எங்கோ ஒரு கிரேன்மேல் இருந்தான், காற்று இரைந்தது.

"ஏங்க, கல்யாணத்த ஆவணி இருபத்துமூணுக்குத் தள்ளி வெச்சுக்கலாமா?"

"யாரு செத்துட்டாங்க?"

"ஒருத்தரும் இல்லைங்க. செத்தவங்க ஒருத்தங்களோட பேரு வர வேண்டியிருக்குது."

கிரேனை நிறுத்தும் சத்தம் கேட்டது. "வரட்டும். ஆனா எங்கம்மாகிட்ட நீயே பேசு, எனக்கு அடி விழும்" என்றான். கூட்டம் சிரித்தது. பெருமாயி அக்கா சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டாள். முன்பு வந்த மூன்று பேரில் ஒருத்தனாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முறிந்திருக்காது என்று பிற்பாடு டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆடி முதல் தேதியிலிருந்து ஊர் விரலை மடக்கிக்கொண்டது. பூட்டுப் போடவில்லை, காவல் வைக்கவில்லை. எங்களில் குவாரிச் சூளையில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்கள் விடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் கரட்டுக்கு ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு இறங்குவோம், டீக்கடைப் பலகையில் அன்றைய நிலவரத்தை எழுதிப் போடுவார்கள். நெஸ்டா அம்மா டீச்சர் வீட்டில் தங்கி, வேர்க்குருவுக்குச் சந்தனம் பூசிக்கொண்டு, காலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினார். பேர் வந்தால் நானே படிக்க வேண்டும், இன்னொருவர் வாயால் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் புத்தகத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தன் பாஷையில் அதனோடு பேசுவார். ஈவான் பேசிய பாஷை அல்லவா, அவளுக்குப் புரியும் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

இருபத்தொன்றாம் நாள் குளம் இரண்டானது. முப்பதாம் நாள் கடைசி எழுத்து தனியே பிரிந்து நின்றது, மேலே ஒரு வளைவோடு: யி. அன்று சாயங்காலமே சௌந்தரவல்லி வீட்டாரும் ராஜாத்தி வீட்டாரும் செங்கமலத்தின் நாலு வீட்டாரும் தங்கள் பேர் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். ஒருநாள் முழுக்க அவர்கள் யாரும் கரட்டுப் பக்கம் வரவில்லை. மறுநாள் மேட்டுத்தெருக்காரர்கள் ஒரு குண்டான் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து, நெஸ்டா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, எங்களோடு கூட உட்கார்ந்துகொண்டார்கள். இத்தனை வருசம் தன் வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தவள் தன் பேரோடு வரவில்லை என்று தெரிந்த பிறகும் பொங்கல் வைக்கத் தெரிந்த ஜனத்தை நான் இந்த ஊரில்தான் பார்த்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் கோயிலுக்குள் இடம் இல்லை. ஈசாக்கு அண்ணன் மூடியை எடுத்தார். நெஸ்டா அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரியே விரலை எழுத்துக்கு மேலே, படாமல், நகர்த்திக்கொண்டே படித்தார்.

"கு. ப். பா. யி."

பிறகு சேர்த்துப் படித்தார். "குப்பாயி."

இருபத்துமூன்று பேர் வைத்து வளர்த்தோம், ஒன்றில்கூட அது இல்லை. எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேர் கூச்சமாகத்தான் இருந்தது. நெஸ்டா அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தார், டீச்சர் ஈசாக்கு அண்ணனைப் பார்த்தார். குப்பை என்கிற வார்த்தையை நெஸ்டா அம்மா இந்த ஏழு வாரத்தில் கற்றிருந்தார். தினமும் டீச்சர் வீட்டு வாசலில் அவர்தான் கூட்டுவார்.

பெருமாயி அக்காதான் முன்னால் வந்தாள். "டீச்சர், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. மாத்தாதீங்க. முந்திப் பொறந்த புள்ளைங்க தங்காத வூட்டுல ஒரு புள்ள பொறந்தா, அத முறத்துல வெச்சுக் குப்பையில கொண்டுபோய்ப் போடுவாங்க. வேற ஒருத்தி வந்து, ஐயோ யாரு புள்ளையோன்னு எடுத்துக் குடுப்பா. அப்புறம் இந்தப் பேர வெப்பாங்க. எமன் வந்து பார்ப்பான், இது குப்பைதானேன்னு விட்டுட்டுப் போயிருவான். அந்தப் பேரு ஒரு பொண்ணுக்கு இருந்தா, அவ போயிரக் கூடாதுன்னு பெத்தவ எவ்வளவு பயந்திருக்கான்னு அர்த்தம். ராஜாத்தின்னு பேரு யாரு வேணும்னாலும் வெக்கலாம். இந்தப் பேரு உசிருக்கு உசிரா நினைச்சாத்தான் வெப்பாங்க. எங்க பெரியம்மா பேரும் இதுதான், தொண்ணூத்திரண்டு வருசம் இருந்தா."

டீச்சர் மாற்றாமல் சொன்னார். நெஸ்டா அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து முழங்காலில் விரித்து, கல் வெட்டுகிறவனுக்குத் தப்பில்லாமல் போக வேண்டும் என்று, ஒவ்வொரு சுழியையும் ஒவ்வொரு வளைவையும் கல்லில் வருகிற அளவுக்கு, ஒரு முழ நீளத்துக்கு, பென்சிலால் எழுதினார். தப்பாகப் போட்ட ஒரு சுழியை அழித்து இன்னொரு தடவை போட்டார். எழுதி முடிக்கிறவரை அத்தனை பேரும் நின்றோம். முடித்தபோது கண் துடைத்தார், வெள்ளைக்கரட்டில் வழக்கம்போல அது அதற்குள் காய்ந்திருந்தது.

ஆவணி இருபத்திரண்டாம் தேதி கோகிலா பொட்டு வைக்கக் கரட்டுக்கு ஏறினாள், கூட ஊரே ஏறியது, ஏனென்றால் என்ன செய்யப் போகிறாள் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. வரி அங்கே இருந்தது, இரண்டு பேரும் இரண்டு பாஷையில், இரண்டும் ஈரமாக, எழுதின அன்று இருந்த மாதிரி. இதில் விரல் வைத்துக் குப்பாயியை மறுபடியும் கலைக்க எவளுக்கு மனசு வரும்? வைக்காமல் போனால் பெருமாயி அக்கா ஆயுசுக்கும் தூங்குவாளா?

கோகிலா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், புடவை விரித்துக் காட்டிவிட்டு வாடிக்கையாளர் முகம் பார்ப்பாளே அந்த மாதிரி. பிறகு நெஸ்டா அம்மாவிடம் திரும்பினாள். அவர் இந்தக் கல்யாணம் பார்க்கத்தான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, உங்க தாத்தாவக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? அவரு பேருதான் அங்க கல்லுல முன்னமே இருக்குதே. இங்க கலைஞ்சா என்ன போச்சு?"

டீச்சர் சொல்வதற்கு முன்பே நெஸ்டா அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் வலைமூடி நடுங்கியது. "எடுத்துக்கோ" என்றார், தமிழில். "நெறைய எடுத்துக்கோ."

கோகிலா மோதிர விரலை ஈவானின் முதல் எழுத்தின் வாலில் வைத்தாள். வேண்டிக்கொள்ள வாயைத் திறந்து, "ஈவான்..." என்று ஆரம்பித்தாள்.

பெருமாயி அக்கா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "பேரு சொல்லியா கூப்பிடுவ? நம்மூர்ல பொண்ணு எடுத்தவருடி."

"மாமா" என்றாள் கோகிலா. "கூட இருங்க மாமா."